சிங்கப்பூர்க் கப்பலில் கரைச் சுற்றுலா: டீன் ஏஜ் பிள்ளைகளோடு போகிறவர்கள் எதை வாங்கலாம், எதை விடலாம்

கோயம்புத்தூரில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மூன்று நான்கு இரவில் திரும்பி வருகிற பயணம் பாலக்காட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று எட்டாத ஒன்றல்ல. அறை, சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரி ஷோ எல்லாம் டிக்கெட்டுக்குள் வந்துவிடும். கப்பல் கரை தொடும் நாளில் ஊர் சுற்றிக் காட்டுவதற்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று தனிக் காசு. இதைத்தான் ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று விற்கிறார்கள். நாலு பேர் குடும்பம் ஒவ்வொரு துறைமுகத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், ஊர் திரும்பிய பிறகு வருகிற கிரெடிட் கார்டு பில் வேறு கதை சொல்லும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மலேசியாவின் பினாங்கில் கப்பலின் டூர் வேண்டாம், சொந்தமாகப் போங்கள். தாய்லாந்தின் புக்கெட்டில் கடலுக்குள் போகிற டூர் என்றால் கப்பலிடமே வாங்குங்கள். கோலாலம்பூருக்கான துறைமுகம் போர்ட் கிள்ளான்; அங்கே கோலாலம்பூர் பார்த்தே தீர வேண்டும் என்றால் கப்பலின் பஸ்ஸில் போங்கள். அந்தக் கட்டாயம் இல்லையென்றால் இறங்காமலே இருந்துவிடலாம். கப்பல் எங்கே நிற்கிறது, ஊர் எவ்வளவு தூரம், திரும்பி வர எத்தனை வழி இருக்கிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் இந்தத் தீர்ப்பு. ஊரின் அழகு இதில் நாலாவது.

காலை 8 முதல் மாலை 6 என்றால் எத்தனை மணி நேரம்?

அட்டவணையில் இப்படிப் போட்டிருந்தால் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது என்று தோன்றும். 8 மணி என்பது கப்பல் நிற்கிற நேரம். குடியேற்றச் சோதனைக்கு அனுமதி கிடைத்து, இறங்கும் பாலத்தைத் திறக்க அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். மாலை 6 என்பது கப்பல் புறப்படும் நேரம். எல்லாரும் ஏறியாக வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். சொந்தமாகப் போகிறவர்கள் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் இருக்கத் திட்டமிட வேண்டும். ஆக, மோசமான நாளில் பத்து மணி நேரம் ஏறக்குறைய ஏழாகச் சுருங்குகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் ஆறு. போக இரண்டு, வர இரண்டு என்று பஸ்ஸில் உட்கார்ந்தால் பார்ப்பதற்கு மிஞ்சுவது இரண்டே மணி நேரம். பட்டியலில் உள்ள எந்த டூரையும் முதலில் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பாதி அங்கேயே கழன்றுவிடும்.

கப்பல் கரையில் கட்டாமல் கடலில் நங்கூரம் போட்டு நின்றால் இன்னொரு கழித்தல் வரும். டெண்டர் என்கிற சிறு படகில் நூறு, நூற்றைம்பது பேராகக் கரைக்கு அழைத்துப் போவார்கள். மூவாயிரம், நாலாயிரம் பேர் உள்ள கப்பலில் இது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கப்பலிடம் டூர் வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். திரும்பும்போது கடைசிப் படகு எப்போது என்பதுதான் உண்மையான கெடு. கப்பல் கிளம்பும் நேரத்தை நம்பி மணலில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பிள்ளைகளின் தூக்கத்தையும் கணக்கில் சேருங்கள். கப்பலில் பதினைந்து வயதுப் பையன் ராத்திரி பன்னிரண்டுக்கு முன் அறைக்கு வரமாட்டான். டூர்க்காரர்களோ காலை 7:15-க்கு தியேட்டரில் கூடச் சொல்வார்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் இப்படி எழுப்பினால் இரண்டாம் நாள் எந்த அருவியைக் காட்டினாலும் முகம் தொங்கித்தான் இருக்கும். ஒரு துறைமுகத்தில் காலை டூர், அடுத்ததில் மதியத்துக்கு மேல் தானாக இறங்கி நடப்பது என்று மாற்றி வைத்தால் வண்டி ஓடும்.

விவரப் பக்கத்தை எப்படிப் படிப்பது

டூர் விவரத்தில் 'பனோரமிக்' என்ற சொல் வந்தால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது என்று பொருள். 'ஃபோட்டோ ஸ்டாப்' என்றால் பத்துப் பதினைந்து நிமிடம், உள்ளே போவது கிடையாது. 'ஷாப்பிங் வாய்ப்பு' என்று எழுதியிருந்தால் ரத்தினக்கல் ஷோரூமோ முந்திரிக் கடையோ லேடெக்ஸ் மெத்தைக் கடையோ வழியில் உண்டு. புக்கெட்டில் இது வாடிக்கை. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளையும் இதை மன்னிக்காது. விவரத்தில் நாலு இடத்தின் பெயர் இருந்து மொத்தம் ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தால் அது பஸ் டூர்தான். ஒரே இடத்தின் பெயரும் அங்கே செய்யப்போகிற ஒரு காரியமும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்களுக்குப் பார்ப்பது போதும், இந்த வயசுக்கு உடம்பு அசைய வேண்டும்.

கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. பல டூர்களில் சிறுவர் கட்டணம் 12 வயதோடு முடிந்துவிடும். ஏழாம் வகுப்புப் படித்தாலும் பதின்மூன்று முடிந்தால் முழு டிக்கெட். ஆனால் தனியே போக அனுமதி கிடையாது; 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்பார்கள். அதனால் 'பையன் மட்டும் ஜிப்லைன் போகட்டும், நாங்கள் கோயில் பார்க்கிறோம்' என்ற திட்டம் கப்பல் கவுன்டரிலேயே உடைந்துவிடும். அப்பா ஒரு பிள்ளையோடு, அம்மா இன்னொரு பிள்ளையோடு என்று பிரிந்து போவதுதான் நடக்கிற காரியம்.

ஜிப்லைன், கயாக், ஸ்நார்க்கெலிங் எல்லாவற்றுக்கும் உயரம், எடை, நீச்சல் தெரியுமா என்ற நிபந்தனைகள் இருக்கும். பொறுப்பு விலக்குப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பயணக் காப்பீடு எடுத்தவர்கள் அதில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண பாலிசிகள் பலவற்றில் அது விலக்கு. டூர் பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில்தான் கணக்காகும். நம்மூர் கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்கப் 3.5 சதவீதம் வரை ஏறும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு.

புக்கெட்: கப்பலின் டூருக்குக் காசு கொடுக்கத் தகுந்த இடம்

பெரிய கப்பல்கள் பல நேரம் பதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, டெண்டரில் ஆளை இறக்கும். சில கப்பல்கள் தீவின் தென்கிழக்கே ஆவ் மக்காம் துறையில் கட்டும். உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், திட்டமே அதைப் பொறுத்துத்தான். பதோங் மேற்குக் கரை. பீபீ தீவுகளுக்கும் பாங் இங்கா வளைகுடாவுக்கும் படகு கிளம்புகிற துறைகள் கிழக்குக் கரையில். நடுவே மலைச்சாலை, நெரிசல். கரைக்கு வந்து, வேனில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் போய், பிறகு படகு. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசி டெண்டர் போய்விடும். கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது தன் செலவில் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கரையில் மலிவாக வாங்கிய டூருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விலை வித்தியாசம் இந்தக் காப்பீட்டுக்கான பிரீமியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாங் இங்காவா பீபீயா என்றால், பதினான்கு பதினைந்து வயசுக்குப் பாங் இங்கா. சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் அடியில் குகைகள். குகை வழியாகப் போனால் நாலு பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த திறந்த குளம். ரப்பர் கனூவில் இரண்டு மூன்று பேரும் துடுப்புக்காரர் ஒருவரும் போவார்கள். தண்ணீர் மட்டம் ஏறியிருந்தால் குகைக் கூரை மூக்கை உரசும் உயரத்தில் இருக்கும், மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். அலை ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து எந்தக் குகை திறக்கும் என்பது மாறும். அதனால் விவரப் பக்கத்தில் போட்ட வரிசை அன்றைக்கு அப்படியே நடக்காது. இது ஏமாற்று வேலை அல்ல. கைப்பேசிக்கு நீர்புகா உறை கழுத்தில் தொங்க வேண்டும், செருப்பு பட்டை வைத்ததாக இருக்க வேண்டும்.

இதே வழியில் ஜேம்ஸ் பாண்ட் தீவு வரும். கூட்டம், கடைகள், செங்குத்துப் பாறைக்கு முன்னால் செல்ஃபி. இருபது நிமிடம் போதும். கோ பான்யீ என்ற மீனவர் ஊர் அதைவிட மேல். கடலில் கம்பம் நட்டு எழுப்பிய ஊர், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். அங்கே மிதக்கும் கால்பந்து மைதானம் ஒன்று உண்டு. செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) பார்த்து வளர்ந்த நம் பக்கத்துப் பையன்களுக்கு அந்தப் பலகை மைதானம் போதும், மதியச் சாப்பாட்டையே மறந்துவிடுவார்கள். டூரில் கோ பான்யீ சாப்பாட்டுக்கு மட்டுமா, ஊருக்குள் நடக்க நேரம் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

பீபீ அழகுதான், ஆனால் வேகப்படகில் போக வர அடிபடும். முன்வரிசையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பு பதில் சொல்லும். பின்பக்கம், எஞ்சினுக்கு அருகே உட்காருவது நல்லது. கடல் ஒவ்வாத பிள்ளைக்கு அவோமின் மாதிரி மாத்திரையை, மருத்துவரிடம் அளவு கேட்டு, படகு ஏறும் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. பீபீக்குத் தேசியப் பூங்கா கட்டணம் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாட், சிறுவருக்கு 200. தாய்லாந்துக் கணக்கில் சிறுவர் 14 வயது வரை. டூர் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பல இடத்தில் சேராது. மாயா பே 2018-இல் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள். பவளப்பாறை தேறுவதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். திறந்திருக்கும் மாதங்களிலும் அங்கே நீந்த விடமாட்டார்கள், கால் நனைக்கலாம். விளம்பரப் படத்தைப் பார்த்து நீச்சல் உடையோடு வரும் பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

டூரே வேண்டாம், பதோங் கடற்கரையில் இருந்துகொள்கிறோம் என்பதும் சரியான முடிவுதான். இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று ஜெட் ஸ்கீ. திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டி நஷ்டஈடு கேட்பது அங்கே பெயர்போன தொல்லை. ஏறுவதற்கு முன் வண்டியின் நாலு பக்கமும் அடிப்பாகமும் வீடியோ எடுங்கள், பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். அதைவிட நல்லது ஏறாமல் இருப்பது. இரண்டாவது பாராசெயிலிங், படகு இழுக்கப் பாராசூட்டில் பறப்பது. பயணிக்குப் பின்னால் ஆள் ஒருவர் வெறும் கையால் கயிற்றைப் பற்றித் தொங்கிக்கொண்டே வருவதை அங்கே பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகும் அனுப்புவதா என்பது உங்கள் பாடு. யானை பார்க்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் சவாரி இல்லாத சரணாலயமாகத் தேடுங்கள். புலியோடு படம் எடுக்கும் இடங்களை விட்டுவிடுங்கள். மருந்தும் சங்கிலியும் பற்றி இன்றைய பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

பினாங்கு: கப்பலை விட்டு இறங்கினால் ஊர்

ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கட்டும். வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். கார்ன்வாலிஸ் கோட்டை ஐந்து நிமிட நடை, லிட்டில் இந்தியா பத்துப் பன்னிரண்டு நிமிடம். 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஊர், கால்நடையாகவே பார்க்க அமைந்தது. இங்கே ஏ.சி. பஸ்ஸுக்குத் தலைக்கு டாலர் கொடுத்து, நாற்பது பேர் கழிப்பறைக்குப் போய் வரக் காத்திருப்பது வீண். கப்பல் பட்டியலில் வழக்கமாக வருகிற ட்ரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) சவாரி, பாம்புக் கோயில், கைவினைக் கடை எதுவும் பெரிய பிள்ளைகளை இழுக்காது.

ஆர்மீனியன் தெருவுக்குப் போங்கள். எர்னஸ்ட் ஸக்காரேவிச் 2012-இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் இருக்கிற தெரு. நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து அதன்மேல் பிள்ளைகளை வரைந்திருக்கிறார். சுற்றுவட்டத் தெருக்களில் சுவரோவியங்களும் கம்பிச் சிற்பங்களும் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளைகள் கையில் வரைபடத்தைக் கொடுத்து முன்னே நடக்க விட்டால் பெரியவர்களுக்கு வேலையே இல்லை. அங்கிருந்து கடலோரம் சூ ஜெட்டி, சீனக் குடும்பங்கள் மரக்கம்பத்தின் மேல் கட்டிக்கொண்ட தெரு. அது குடியிருப்பு, வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஊருக்குள் கேட் (CAT) என்ற இலவச பஸ் ஓடுகிறது. வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதால் இந்த நடையைப் பதினோரு மணிக்குள் முடியுங்கள், அல்லது நாலுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத ஒரே துறைமுகமும் இதுதான். குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதைச் சுற்றி இலைச் சாப்பாடு போடும் சைவக் கடைகள், கல்லாவில் தமிழ். அசைவம் என்றால் தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய நாசி கண்டார். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் அதன் ருசி, தனித்தனியாகக் கேட்டால் கெட்டுவிடும். தொட்டுக்கொள்ளும் துண்டுக்கு ஏற்ப விலை ஏறும், பெரிய கணவாயோ இறாலோ கைகாட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதி நாளுக்கு மேல் இருந்தால் இரண்டு வழி. பினாங்கு மலை ஒன்று: 1923-இல் தொடங்கிய மலை ரயில், இப்போது புது வண்டி, செங்குத்தாக ஏறும். கீழ் நிலையம் ஊரிலிருந்து கிராப் காரில், அதாவது செயலியில் அழைக்கும் வாடகைக் காரில், அரை மணி நேரம். ஏறுவதில் சிக்கல் வராது. இறங்குவதில்தான் மாட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க வரிசை கட்டுவார்கள், ஒரு மணி நேரம் நின்றாலும் நகராது. கப்பல் மாலையில் கிளம்புகிறது என்றால் காலையில் ஏறி இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், அல்லது வேக வரிசை டிக்கெட்டைப் போக வர இரண்டுக்கும் எடுங்கள். பராமரிப்புக்காக ரயில் நிற்கிற நாட்களும் உண்டு, அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் பூங்கா. பிள்ளைகளின் ஓட்டு இதற்குத்தான் விழும். காட்டுச் சரிவில் 1,111 மீட்டர் நீளக் குழாய்ச் சறுக்கு. 2019-இல் உலகிலேயே நீளமானது என்று கின்னஸ் பதிவு பெற்றது. தொங்கு நாற்காலியில் மேலே போய், ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து காட்டுக்கு மேல் வழுக்கி வர வேண்டும். கயிறேற்றம், ஜிப்லைன் எல்லாம் தனி. ஊரிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து போகும், சாயங்காலம் நெரியும். மொத்தம் ஆறு மணி நேரம் கையில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். கப்பல் மதியம்தான் சேர்கிறது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், பூங்கா மாலையில் மூடிவிடும். திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. உடை விதி கொச்சி வொண்டர்லாவில் இருப்பதுதான்: நைலான் அல்லது லைக்ரா, ஜீன்ஸும் பருத்திச் சுடிதாரும் தண்ணீர் சறுக்கில் ஆகாது. கயிறேறப் பின்பட்டி உள்ள ஷூ வேண்டும். இரண்டையும் கப்பல் அறையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் அங்கே கடையில் வாங்க நேரும்.

கிராப் பற்றி ஒன்று. செயலியைக் கோவையிலேயே இறக்கி, எண் சரிபார்த்து, ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இந்திய சிம்மை அணைத்துவிட்டு இ-சிம் போட்டால் ஓ.டி.பி. வராமல் நிற்க வேண்டியிருக்கும். சாதாரணக் காரில் நாலு பேர்தான். ஐந்து பேர் குடும்பம் ஆறு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கார்டு ஏறவில்லை என்றால் ரொக்கமாகவும் கொடுக்கலாம், சில்லறை ரிங்கிட் வைத்திருங்கள்.

போர்ட் கிள்ளான்

கப்பல் நிற்பது புலாவ் இண்டாவில், சுற்றிலும் கன்டெய்னர் கிடங்குகள். நடந்து பார்க்க ஒன்றுமில்லை. போர்ட் கிள்ளான் ரயில் நிலையம் பெயரில்தான் பக்கம். முனையத்திலிருந்து அங்கே போகவே கார் வேண்டும். கோலாலம்பூருக்குச் சாலை நன்றாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நெரிசலில் இரண்டு மணி நேரம். போகும்போது கிராப் கிடைக்கும். திரும்பும்போது, மாலை நெரிசலில், புலாவ் இண்டா வரை வர ஓட்டுநர்கள் தயங்குவார்கள். அதனால்தான் இங்கே கப்பலின் பஸ், அல்லது நாள் முழுக்கப் பேசி வைத்த ஒரே வண்டி. வண்டி பேசினால் குடும்பத்துக்கு ஒரே தொகை, நாலைந்து பேருக்கு மேல் போகும்போது லாபம். ஆனால் தாமதத்துக்குப் பொறுப்பு உங்களுடையது.

கோலாலம்பூரில் ஒன்றுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பத்து மலை முருகன் கோயில், கேஎல்சிசி (இரட்டைக் கோபுர வளாகம்), சாக்லேட் கடை, அரண்மனை வாசல் என்று நாலைக் கோக்கும் டூரில் எதுவும் மிஞ்சாது. பத்து மலைக்கு 272 படி, பக்கத்தில் 42.7 மீட்டர் முருகன் சிலை. வருஷா வருஷம் பழனி ஏறுகிற குடும்பத்துக்கு இது மூச்சு வாங்கக்கூடப் போதாது. குரங்குக்குப் பயந்து பையை மூடிக்கொள்ள வேண்டியதுதான் வேலை. முழங்கால் தெரியும் அரைக்காற்சட்டையில் பெண்பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள், வாசலில் துணி வாடகைக்குக் கிடைக்கும். தைப்பூசத்தன்று கப்பல் அங்கே நின்றால் பத்து மலைப் பக்கமே போகாதீர்கள், சாலையே இருக்காது. பக்திக்காகப் போகிறவர்கள் காலை எட்டரைக்குள் அங்கே இருப்பதே மேல்.

இரட்டைக் கோபுரத்துக்குள் ஏற வேண்டும் என்றால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். பிள்ளைகளின் கண்ணுக்கு நகரத்தைவிட சன்வே லகூன் நீர்ப்பூங்கா பிடிக்கும். அது துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் இருப்பதால் பயண நேரமும் மிச்சம். பினாங்கில் எஸ்கேப் போகிறவர்கள் இதை விட்டுவிடலாம்.

கொச்சியில் நிற்கிற கப்பல் என்றால்

மும்பையிலிருந்து வருகிற கப்பல்கள் கொச்சி வழியாகப் போகும்போது வில்லிங்டன் தீவில் கட்டும். பாலக்காட்டுக்காரர்கள் அங்கே டூர் வாங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. சீன வலையும் யூதர் தெருவும் பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனிலேயே பார்த்தாயிற்று. கூட வருகிற சென்னை, மதுரை உறவுக்காரர்களுக்காக இறங்கினால் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூதக் கோயிலுக்குச் சனி விடுமுறை என்பதைப் பாருங்கள். 1503-இல் போர்த்துகீசியர் தொடங்கிய செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. எலும்புகள் எப்போதோ லிஸ்பனுக்குப் போய்விட்டன. பியனாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கிற ஆண்டானால், டிசம்பரிலிருந்து மார்ச் வரை, படம் வரைகிற பிள்ளைக்கு அதுவே ஒரு நாள். ஆலப்புழா டூர் என்று விற்பார்கள். அரூர்–துறவூர் மேம்பாலப் பணி முடிகிற வரை அந்தச் சாலையை நம்பிக் கப்பலுக்குத் திரும்புவது நெஞ்சழுத்தம். எல்லாரும் இறங்கிப் போன பிறகு காலியாக இருக்கும் நீச்சல் குளமும் சறுக்கும்தான் அன்றைக்குக் கப்பலில் கிடைக்கிற மிக நல்ல டூர். இது எந்தத் துறைமுகத்துக்கும் பொருந்தும்.

லீவு எப்போது வருகிறது என்பதும் முக்கியம்

கேரளப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ஏப்ரல், மே; ஓணத்துக்குப் பத்து நாள்; கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள். புக்கெட் பக்கத்து அந்தமான் கடல் மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை கொந்தளிக்கும். ஓணம் லீவில் போனால் மாயா பே மூடியிருக்கும், பதோங்கில் சிவப்புக் கொடி பறக்கும், அலை மீறினால் டெண்டரையே நிறுத்திக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடும். அந்த மாதங்களில் பாங் இங்கா வளைகுடா ஓரளவு அடங்கியிருக்கும், பீபீ வேண்டாம். கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவறவிட்டால் கப்பலிடம் வாங்கிய டூருக்குப் பணம் தானாகத் திரும்பும். வெளியே வாங்கியதற்கு அவர்கள் விதி என்னவோ அதுதான். டிசம்பர் கடல் நல்லது, கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஏப்ரலின் முதல் பாதியைத்தான் நாங்கள் சொல்வோம். மூத்தது கோவையில் சி.பி.எஸ்.இ., இளையது சித்தூரில் ஸ்டேட் சிலபஸ் என்றால் இரண்டு பள்ளியின் தேதியும் ஒத்துவருகிற வாரத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டுக் கப்பலைத் தேடுங்கள்.

காகிதம், கடிகாரம், சாப்பாடு

சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் கிளம்பித் திரும்புவது இரண்டாவது நுழைவு, வருகை அட்டையும் மறுபடி நிரப்ப வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசா விலக்குத் தந்தன. அந்த விதிகளும் மின்னணு வருகை அட்டை விதிகளும் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு ஒரு வாரம் முன் கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பைப் படியுங்கள். கரைக்குப் போகும்போது ஒவ்வொருவரிடமும் கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், துறைமுக ஏஜென்டின் எண் இருக்க வேண்டும். அந்த எண் தினசரி அறிவிப்புத் தாளில் இருக்கும், படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவின் பையில் நாலும் மொத்தமாக இருந்தால், பிரிந்து போகிற பிள்ளை வாசலில் நிற்கும்.

கப்பலைத் தவறவிடுகிறவர்களில் பலருக்குக் காரணம் கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னே. தாய்லாந்து ஒன்றரை மணிதான் முன்னே. புக்கெட்டில் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். கைப்பேசியோ கரையில் இறங்கியதும் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறிவிடும். திரையில் மூன்றரை, கப்பலில் நாலரை. கைப்பேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது பேட்டரி போட்ட சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நாலு பேரும் ஒரே நேரத்தைப் பார்க்கிறார்களா என்று இறங்கும் முன் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை.

கப்பல் பஃபேயிலிருந்து இட்லியோ பழமோ கட்டிக்கொண்டு இறங்க முடியாது. உணவுப் பொருள் தடை உண்டு, சோதனையில் எடுத்துவிடுவார்கள். பாக்கெட் உடைக்காத பிஸ்கட், கடலை மிட்டாய் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. டூரில் சாப்பாடு சேர்ந்திருந்தால், சைவம் என்பதை வாங்கும்போதே பதிவு செய்யுங்கள். தாய்லாந்தில் காய்கறிக் கறியிலும் மீன் சாறு ஊற்றுவது வழக்கம். 'ஜே' என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், மஞ்சள் நிறத்தில் அந்த எழுத்துப் போட்ட பலகை கடைகளில் தெரியும்.

வாங்கும் நேரம் பற்றிக் கடைசியாக. கப்பலில் ஏறிய பிறகு வாங்குவதைவிட முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது பெரும்பாலும் மலிவு. கயாக், கனூ மாதிரிக் குறைந்த இடமுள்ள டூர்கள் முதலில் தீரும். கப்பல் கிளம்பும் முன் ரத்து செய்தால் பொதுவாக முழுப் பணமும் வரும், கிளம்பிய பிறகு துறைமுகத்துக்கு 24 அல்லது 48 மணி நேரம் முன்பு கதவு மூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். அதனால் புக்கெட் டூரை மட்டும் வீட்டிலேயே வாங்கி வையுங்கள். முழுப் பட்டியலையும் பிள்ளைகளிடம் நீட்டினால் ராத்திரி முழுக்க விவாதம் ஓடும்; நேரக் கணக்கில் தேறிய இரண்டை மட்டும் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஏறிய முதல் நாள் மாலை டூர் கவுன்டரில் வரிசை நீளமாக இருக்கும், மறுநாள் காலை உணவு நேரத்தில் போனால் ஆளே இருக்கமாட்டார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு, சாப்பாடு சைவமா, கடையில் நிறுத்துவார்களா என்ற மூன்றையும் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.